வாசகர் கேள்வி – பதில்: வெள்ளம் வந்தால் தலைமை யாருக்கு?

கேள்வி: பூண்டி ஏரியின் உபரி நீர் பெருமளவில் திறக்கப்படும்போது எங்கள் பகுதியில் தண்ணீர் ஏறுகிறது. மாநகராட்சி, வருவாய்த் துறை, நீர்வளத் துறை, காவல் துறை என எல்லோரும் வருகிறார்கள். இவர்களில் இறுதி முடிவு எடுப்பவர் யார்?
– வாசகி, மணலி புதுநகர்

பதில்: 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். ஆனால் சென்னையில் மோட்டார் பம்பு, மழைநீர் வடிகால், தூய்மைப் பணியாளர், முகாமாக மாற்றப்படும் பள்ளிக்கூடம் ஆகியவை பெரும்பாலும் மாநகராட்சியின் கையில் இருப்பதால், நடைமுறையில் தலைமை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய்விடுகிறது. மழைக்காலத்தில் மண்டலந்தோறும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கண்காணிப்பு அலுவலர்களாக அரசு அமர்த்துவதும் அதனால்தான். மாநகராட்சி ஆணையர் தலைமையில் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க 2025ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருப்பதால், இந்த நடைமுறைக்குச் சட்டத்திலும் இடம் கிடைத்திருக்கிறது.

உங்கள் சிக்கல் இதனால் மட்டும் தீராது. பூண்டி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். ஷட்டரைத் திறப்பது நீர்வளத் துறை. கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுப்பது அந்த மாவட்ட நிர்வாகம். கொசஸ்தலை ஆற்றில் எண்ணூர் நோக்கி வரும் அதே தண்ணீர் உங்களை எட்டும்போது, மாவட்டமும் மாறிவிடுகிறது, பொறுப்பு அலுவலரும் மாறிவிடுகிறார். எத்தனை கன அடி திறக்கப்பட்டது, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்ற தகவல் பொறியாளரிடமிருந்து நேரே மண்டல அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். இன்னும் நான்கு அதிகாரிகளைத் தெருவில் நிறுத்துவதைவிட இதற்கே என் ஓட்டு.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்தது. இவற்றுக்கும் ஆட்சியர்தான் தலைமையா?
– வாசகர், எண்ணூர்

பதில்: அமோனியாவுக்குப் பெருமளவு ஆம். தொழிற்சாலை வளாகத்துக்குள் அவசரத் திட்டம் ஆலை நிர்வாகத்தின் பொறுப்பு. வெளியே மக்களை அப்புறப்படுத்துவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அப்புறப்படுத்தும் திட்டம் கோப்பில் இருக்கிறது என்பது கசிவால் பாதிக்கப்பட்ட பெரியகுப்பத்து மக்களுக்கு ஆறுதல் ஆகாது. எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே ஒத்திகையில் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெயில் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. கடலில் பரவும் எண்ணெய்க்குக் கடலோரக் காவல் படை ஒருங்கிணைப்பு அமைப்பு. ஆற்றிலும் கழிமுகத்திலும் மாநிலத் துறைகள், மாசு கட்டுப்பாட்டு வாரியம் உட்பட. எண்ணூர்க் கழிமுகம் இரண்டுக்கும் இடைப்பட்ட இடம். மீனவர்கள் தங்கள் படகில் போய், வாளியும் குவளையுமாக எண்ணெய் அள்ளிய காட்சியை எல்லோரும் பார்த்தோம். அள்ளும் வேலைக்கு யார் தலைவர் என்பது முதல் நாளே எழுத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால், பாதுகாப்புக் கையுறையை யாரிடம் கேட்பது என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையை நாமே அழைக்க முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது, மாநில அரசு கேட்டுப் பெறவேண்டும். தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. உயிருக்கு ஆபத்து என்றால் 112.