கறிவேப்பிலைச் செடியடியில் மஞ்சள் நுரை

அம்மா, சாட்ஸ்வர்த் வீட்டில் கறிவேப்பிலைச் செடியடியில் பரப்பிய மரச்சிராய்மேல் மழைக்குப் பின் மஞ்சள் நுரை படர்ந்திருக்கிறது, செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள்! நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஃபுலிகோ செப்டிகா என்னும் சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அமீபாவின் உறவு. பாக்டீரியாக்களைத் தின்றபடி ஊர்ந்து திரியும், வேரைத் தொடாது. அந்தப் படலம் முழுவதும் ஒரே உயிரணு, உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். எத்தனை அழகான உயிர்! சில நாட்களில் அது காய்ந்து, உள்ளே பழுப்புத் தூளாக வித்துகள் நிறையும். ஈரம் பட்டால் வித்திலிருந்து நுண்ணிய உயிரணுக்கள் வெளிவரும். இரண்டு இணைந்தால் மறுபடி ஒரு மஞ்சள் படலம். தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், வித்துகள் பரவும். ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் தூளருகே போக வேண்டாம்.