ஆராய்ச்சி மாணவர்களிடையே ஒட்டுறவு வளர என்ன நிகழ்வு நடத்தலாம்?

உங்கள் கேள்வி இது: துறையில் ஆராய்ச்சி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்து லேபில் இருப்பவரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய வரவேற்பு விழா நடத்தியும் மறுவாரமே பழைய நிலைமை. மாணவர் பிரதிநிதியாக என்ன செய்யலாம்?

பிஎச்டி காலத்தில் இதே பொறுப்பில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். விழாவை நிறுத்த வேண்டாம், ஆனால் அதிலிருந்து நட்பை எதிர்பார்க்காதீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெறும் அறிமுகம் ஓரளவு பழக்கமாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். மூன்று மணி நேர விழா எந்த மூலைக்கு? இன்னொன்றும் அதில் தெரிகிறது: சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் நட்பை அவ்வளவாக வளர்ப்பதில்லை. ஒரே லேபில் நாள் முழுக்க இருந்தும் அந்நியர்களாகவே இருப்பது இதனால்தான்.

ஆகவே சின்னதாக, ஆனால் தவறாமல் நடக்கிற ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், அதே இடம். தேதியை ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மாறாமல் இருந்தால்தான், இரண்டு மாதம் வராமல் இருந்தவரும் யாரையும் கேட்காமல் திரும்பி வர முடியும். சோதனை சரியாக வராமல் ஒதுங்கிப் போகிறவர்களுக்கு அந்தத் திறந்த கதவு மிகவும் முக்கியம்.

இடமும் முக்கியம். ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். போகிற வழியில் அடிக்கடி எதிர்ப்பட்டதே பெரிய காரணம். எனவே தொலைவில் உள்ள அரங்கத்தைவிட, எல்லோரும் கடந்து போகிற பொது அறையே மேல். எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, அங்கே என்ன செய்வது? சும்மா கூடிப் பேசுங்கள் என்றால், ஏற்கெனவே பழகியவர்கள் ஒரு பக்கம் வட்டமாக நின்றுகொள்வார்கள். புதியவர் கையில் போனை வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். பலகை விளையாட்டு, புதிர், சேர்ந்து சமைப்பது, நடைப்பயணம் எதுவானாலும் சரி. குழுக்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தால் ஒரே லேப்காரர்கள் ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். வாசலில் ஒருவர் நின்று புதிதாக வருபவரை அழைத்துப்போய் நாலு பேரிடம் அறிமுகப்படுத்த வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண் என்றே சொல்வேன்.

எழுதும் சந்திப்பும் அருமையாகப் பலன் தரும். இருபத்தைந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதுவது, அப்புறம் இடைவேளை. எழுதும் நேரத்தில் பெரிதாகப் பழக்கம் வராது, ஆனால் அந்த இடைவேளையில் பேசுவார்கள். விளையாட்டுக்கு வந்தால் நேரம் வீண் என்று குற்ற உணர்வு கொள்கிற கடைசி ஆண்டு மாணவர்கள்கூட இதற்கு வருவார்கள். ஆனால் இடைவேளையை வெட்டிவிடாதீர்கள்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்களை, அதாவது கைடுகளை, இந்தச் சந்திப்புகளுக்கு அழைக்க வேண்டாம். நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்கள் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். "தீசிஸ் எப்போ முடியும்?" என்று யாரையும் கேட்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எப்போதும் மாலையிலேயே வைத்தால் குழந்தை உள்ளவர்களும் பகுதிநேர மாணவர்களும் விட்டுப்போவார்கள். அவர்களுக்காக மதிய இடைவேளைச் சந்திப்பு ஒன்றும் நடக்கட்டும், குடும்பத்தோடு வரலாம் என்று சில நாட்களில் சொல்லுங்கள்.

நாலு பேர்தான் வந்தார்கள் என்று மனம் தளராதீர்கள். நாலு பேர் ஒரு மேசையில் ஒரு மணி நேரம் பேசுவது, நூறு பேர் கூடிக் கலைவதைவிட எவ்வளவோ மேல். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்டி மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 32 சதவீதம் பேர் மனநலக் கோளாறு வரும் அபாயத்தில் இருந்தார்கள். விளையாட்டு மேசை அதற்கு மருந்து இல்லை, ஆலோசகரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒருவர் இரண்டு வாரமாக வரவில்லை என்பதை யாராவது கவனித்து போன் செய்வதற்கு, முதலில் அவரைத் தெரிந்திருக்க வேண்டுமே.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இப்படிப்பட்ட கூட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவது, நடத்தியவர் தீசிஸ் எழுதப் போகும்போதுதான். ஆரம்பத்திலேயே முதலாண்டு மாணவர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையின் சாவி யாரிடம் வாங்குவது, துறையில் செலவுக்குப் பணம் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.