'ஐ ஆம் குட்' என்றால் தேத்தண்ணி ஊற்றுவதா, விடுவதா?

விடுதி விருந்தினர் ஒருவர் 'ஐ ஆம் குட்' என்றதும் தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குழம்பியதாகக் கேட்டிருந்தீர்கள். ஊற்ற வேண்டாம். அந்த இடத்தில் 'ஐ ஆம் குட்' என்றால் 'எனக்குப் போதும்'. அறுகம்குடா விடுதியில் நீங்கள் 'மோர் டீ?' என்று கேட்க, அந்த அவுஸ்திரேலிய விருந்தினர் மரியாதையாக மறுத்திருக்கிறார். நீங்கள் 'நல்லது' என்று எடுத்து ஊற்றியதால்தான் அவர் திகைத்துப் பார்த்தார்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் காரணமாக இருக்கும். நாங்களும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போயிட்டு வாறன்' என்கிறோம். அதையே 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிப் பாருங்கள், கேட்ட வெளிநாட்டுக்காரர் நீங்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவீர்கள் என்று நினைப்பார்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள்:

1. உங்கள் கேள்வி என்ன? ஏதாவது தரவா என்று கேட்டிருந்தால் 'ஐ ஆம் குட்' மறுப்பு. 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்டிருந்தால் 'சுகமாக இருக்கிறேன்'.

2. இன்னும் சந்தேகமா? 'ஓகே, லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்' (சரி, ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்) என்று சொல்லிவிட்டு நகருங்கள். வேண்டுமென்றால் அவரே கூப்பிடுவார்.

இப்படியான ஆங்கிலத் தொடர்களைக் கொப்பியில் எழுதும்போது பதிலை மட்டும் எழுதாமல் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். தனியாக எழுதினால் திரும்பவும் குழம்பும், இதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஒன்றில் மட்டும் கவனம். 'ஐ ஆம் குட் வித் தட்' என்பது நேர் எதிர், 'எனக்கு அது சரி' என்று பொருள். 'சவுண்ட்ஸ் குட்' என்பதும் சம்மதம்தான். நீங்கள் மறுக்கும்போது 'நோ, தேங்க் யூ' சொன்னால் போதும், எந்த வயதுக்காரருக்கும் அது பொருந்தும்.