முதல் இரண்டு குடம் மட்டும் சாக்கடை வாடை: மேலப்பாளையம்

குழாய்த் தண்ணீர் வாடைக்குக் கோளாறு மாநகராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் இருக்காது அண்ணாச்சி, உங்கள் வீட்டு இணைப்பிலோ தெருக்குழாயிலோதான் தேட வேண்டும். தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு குடம் நாறுகிறது, அப்புறம் தெளிந்துவிடுகிறது என்கிறீர்கள். தொட்டியே கெட்டிருந்தால் கடைசிக் குடம் வரை நாறும்.

உங்கள் இணைப்பின் பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) தெருச் சாக்கடைக்குள் முங்கியபடி கடந்து வருகிறதா பாருங்கள். துருவில் ஊசித்துளை விழுந்தாலே போதும். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும், கழிவு உள்ளே ஊறும். இணைப்பில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம் (பாதித் தெருவில் அதுதானே நடக்கிறது!).

1. தண்ணீர் வந்தவுடன் பக்கத்து வீட்டு முதல் குடத்தை முகர்ந்து பாருங்கள். அங்கேயும் வாடை என்றால் தெருக்குழாயில் கசிவு. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

2. உங்களுக்கு மட்டும்தான் என்றால், தண்ணீர் வரும் நேரத்திலேயே வீட்டுக் குழாய்களை எல்லாம் அடைத்துவிட்டுச் சாக்கடையைக் கவனியுங்கள். கறுப்புத் தண்ணீருக்குள் தெளிந்த தண்ணீர் குமிழியிடும் இடம்தான் ஓட்டை. ஒட்டுப் போடாதீர்கள், அந்தத் துண்டையே மாற்றிச் சாக்கடைக்கு மேலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வாடை போனதாலேயே தண்ணீர் நல்லது என்று நம்ப வேண்டாம். கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும். கழிவு கலந்தால் அது தீர்ந்துவிடும். வேலை முடியும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.