விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயசு 38, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை, சம்பளம் 52,000. பர்சனல் லோன் 6 லட்சம் (15% வட்டி, 5 வருஷம்) வாங்கி ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் டிரேடிங் (விலை ஏறுமா இறங்குமான்னு கணிச்சு பண்ற வியாபாரம்) பண்ணேன், இப்ப 1.5 லட்சம்தான் மிச்சம். ஆனா பத்து டிரேடுல ஏழு ஜெயிக்கிறேன் சார், கைல பணம் பத்தலை, அவ்ளோதான். மனைவி நகையை வச்சு இன்னும் 5 லட்சம் போட்டா விட்டதைப் பிடிச்சிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆப்ஷன்ல ரிஸ்க் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்லப்போறதில்ல. உங்களை சாப்பிடுறது அந்த "விட்டதைப் பிடிக்கணும்"ங்கிற நினைப்புதான்.

ஏழு ஜெயிச்சீங்க சரி, எவ்ளோ ஜெயிச்சீங்க? ஏழு தடவை ஆறாயிரம்னா 42,000, மூணு தடவை 25,000 போச்சுன்னா 75,000, ஆக 33,000 நஷ்டம். லாபம் வந்தா கை பதறி உடனே வித்துடுறோம், நஷ்டம்னா திரும்பி வரும்னு பிடிச்சுட்டே உக்காந்திருக்கோம், அப்புறம் ஜெயிச்ச ஏழு மட்டும் ஞாபகத்துல நிக்குது. உளவியல் ஆய்வாளர்கள் கானமேனும் ட்வெர்ஸ்கியும் 1979லயே இதை எழுதிட்டாங்க, லாபம் தர்ற சந்தோஷத்தை விட அதே அளவு நஷ்டம் தர்ற வலி ரொம்ப பெருசு, அந்த வலி தாங்காமதான் மனுஷன் இன்னும் பெரிய ரிஸ்க் எடுக்கிறான்.

2024 செப்டம்பர்ல பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி சொன்ன கணக்கு, மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டிரேடிங் பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல திரும்பவும் ஆடிருக்காங்க. அவங்க ஒவ்வொருத்தரும் நான் அந்த 7%ல வருவேன்னுதான் நம்பிருப்பாங்க. இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன், நாளைக்கு நிஃப்டி (பங்குச்சந்தைக் குறியீடு) எங்க போகும்னு எனக்கே தெரியாது, டெலிகிராம்ல டிப்ஸ் குடுக்கிறவனுக்கும் தெரியாது.

இப்பவே இஎம்ஐ 14,300 கிட்ட போகுது. நகைக்கடன் 11%னு வச்சாலும் வட்டி மட்டும் மாசம் 4,600, ரெண்டும் சேர்ந்து 19,000, சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல. அதுக்கப்புறமும் விட்ட 4.5 லட்சத்தை எடுக்க, போட்ட 6.5 லட்சத்துக்கு கிட்டத்தட்ட 70% லாபம் வேணும்!

மிச்சம் இருக்கிற 1.5 லட்சத்தை லோன்லயே கட்டுங்க, முன்கூட்டியே கட்டுறதுக்கு ப்ரீபேமென்ட் சார்ஜ் எவ்ளோன்னு மட்டும் பேங்க்ல கேட்டுக்கோங்க. ஆப்ல எஃப் அண்ட் ஓ செக்மென்ட்டை க்ளோஸ் பண்ணுங்க. புரோக்கர் தர்ற லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஞாபகத்தை நம்பாம பேப்பர்ல கூட்டுங்க, அதை மனைவிகிட்ட இன்னைக்கே காட்டுங்க, அவங்க நகை அவங்ககிட்டயே இருக்கட்டும்.