தாத்தா எந்தப் பட்டாளம்? பழைய பென்ஷன் காகிதங்கள் பற்றிக் கேள்வி பதில்

ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தரைப்படை, அதிலும் தென்னிந்தியப் பிரிவுகள் பற்றிக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள்.

கே: சார், தாத்தாவின் பி.பி.ஓ. (பென்ஷன் பட்டுவாடா உத்தரவு) கிடைத்தது. எண் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ரெஜிமெண்ட் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. எங்கே தொடங்குவது?

எஸ் என்றால் சர்வீஸ் பென்ஷன். டி என்றால் உடல் ஊனத்துக்கு, எஃப் என்றால் குடும்பத்துக்கு. உங்களிடம் இருப்பது பென்ஷன்தாரர் பகுதி. இன்னொரு பகுதி பணம் பட்டுவாடா செய்த கருவூலத்திலோ வங்கியிலோ இருந்திருக்கும்.

எல்லோரும் அலகாபாத்துக்குத்தான் (இன்றைய பிரயாக்ராஜ்) முதலில் எழுதுகிறார்கள். அங்கே இருப்பது பென்ஷனை அனுமதித்த கணக்கு அலுவலகம். எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதுதான் அவர்கள் கவலை. தாத்தா எங்கே சேர்ந்தார், எந்தப் போருக்குப் போனார் என்பதெல்லாம் அவருடைய பிரிவின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத்.

பிரிவு தெரியாவிட்டாலும் ராணுவ எண் இருக்கிறதா பாருங்கள். அதோடு அப்பா பெயர், கிராமம், தாலுகா, அங்க அடையாளங்கள் எழுதிய பக்கம் இருந்தால் அது பொக்கிஷம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் இடது கன்னத்து மச்சம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை அன்றைய கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதனால் தோன்றுகிற எல்லா எழுத்துக்கூட்டலையும் விண்ணப்பத்தில் கொடுங்கள். ஷீட் ரோல், அதாவது அவருடைய தனி சர்வீஸ் பதிவின் நகல் கேளுங்கள். அது இல்லை என்றால் லாங் ரோல், அதாவது சேர்ந்த எல்லோரையும் வரிசையாக எழுதிய பேரேட்டில் அவருடைய பதிவைக் கேளுங்கள்.

கே: தாத்தா 1942இல் சேர்ந்து 1946இல் திரும்பினார். பென்ஷனே வந்ததில்லை. அப்படியானால் அவர் பட்டாளத்தில் இருந்ததற்கு ஆதாரமே கிடையாதா?

பென்ஷன் இல்லாததால் பட்டாளத்தில் இல்லை என்று ஆகிவிடாது. சிப்பாய்க்கு சர்வீஸ் பென்ஷன் வர 15 வருடம் வேண்டும். போருக்காகச் சேர்த்த ஆட்களைப் போர் முடிந்ததும் ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் தாத்தாக்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

ஒரு சிக்கல் உண்டு. பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது விதி. ஆகவே ஷீட் ரோல் போயிருக்கும். லாங் ரோலில் ஒரு வரி மிஞ்சியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வீட்டில் டிஸ்சார்ஜ் சான்றிதழைத் தேடுங்கள். நட்சத்திர வடிவப் பதக்கம் இருந்தால் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்ததில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். பாட்டி எப்போதாவது உதவித்தொகை கேட்டிருந்தால் அங்கே பதிவு இருக்கும்.

கே: தாத்தா பெயர் முத்து. பட்டாளத்தில் இருந்தார். முழு விவரம் அனுப்பவும்.

எத்தனை முத்து! எண், பிரிவு, கிராமம், வருடம். இதில் குறைந்தது இரண்டு விவரமாவது வேண்டும்.

கே: கொள்ளுத்தாத்தா 1930களில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதார். வெலிங்டனில் தேடலாமா?

அந்த ரெஜிமெண்டின் நிரந்தரப் பட்டாலியன்களைச் செலவைக் குறைக்க 1920களிலேயே கலைத்துவிட்டார்கள். மறுபடி உயிர்பெற்றது இரண்டாம் உலகப் போரில். 1930களில் நம் ஆட்கள் இருந்தது பெரும்பாலும் சாப்பர்ஸில், இல்லையென்றால் சாலை போடுவது போன்ற வேலைகளுக்கான பயனியர்ஸ் படையில். பயனியர்ஸையும் 1933இல் கலைத்தார்கள். பகுதி நேர டெரிடோரியல் பட்டாலியனில் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெங்களூரில் தொடங்குங்கள். சுபேதார் என்பதையும் காகிதத்தில் பார்த்த பிறகு நம்புங்கள். குடும்பக் கதைகளில் யாரும் சிப்பாயாக ஓய்வு பெறுவதில்லை.

கே: மாமா கப்பற்படை.

மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகம். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

கே: தாத்தா சிங்கப்பூரில் பிடிபட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். சாகும் வரை ராணுவ பென்ஷன் வாங்கினார். ஐ.என்.ஏ. விவரம் எந்த ஃபைலில் இருக்கும்?

இரண்டும் ஒருவருக்கே அமைவது அபூர்வம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பிடிபட்ட எல்லோரும் ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜி தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தில், சேரவில்லை. போர் முடிந்ததும் கைதிகளை விசாரித்து, ஐ.என்.ஏ.வோடு எவ்வளவு ஈடுபாடு என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று பிரித்தார்கள். கருப்பில் விழுந்தவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள், கைதியாக இருந்த காலத்துச் சம்பளமும் போனது. பென்ஷன் காகிதத்தை எந்த அலுவலகம் கொடுத்தது என்று பாருங்கள். உள்துறை அமைச்சகம் என்றால் அது 1972இல் தொடங்கிய தியாகிகள் பென்ஷன்.

கே: (அவரே) காகிதம் அலகாபாத்தில் இருந்து வந்ததுதான். அப்படியானால் தாத்தா பொய் சொன்னாரா?

நான் அப்படிச் சொல்லவில்லை. காகிதத்தின்படி அவர் ராணுவத்தில் சர்வீஸை முடித்திருக்கிறார். சேராமல் கைதியாகவே இருந்திருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேராதவர்களில் பலரை ஜப்பானியர்கள் நியூ கினி வரை கப்பலில் கொண்டுபோய்க் கூலி வேலை வாங்கினார்கள். திரும்பாதவர்கள் நிறைய.

கே: (இன்னொருவர்) தவறான தகவல். என் பெரியப்பா ஐ.என்.ஏ. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் மறுபடி வேலை கொடுத்தது.

எந்த வேலை? ராணுவத்தில் திரும்ப எடுக்கவில்லை. மற்ற அரசு வேலைகளுக்குத் தடை இல்லாமல் போனது.

கே: (அவரே) போலீஸ் என்று அத்தை சொல்கிறார். ஆனாலும் நீங்கள் தியாகிகளைக் கொச்சைப்படுத்துகிறீர்கள்.

போலீஸ் பென்ஷன் என்றால் கணக்கு சரியாகிவிட்டது. கொச்சை எங்கே வந்தது ஐயா? யார் யாருக்கு எந்தக் காகிதம் கொடுத்தார்கள் என்பதுதான் என் பேச்சு. மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ தமிழர்கள் நேராக ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். அவர்கள் இந்திய ராணுவத்தில் இருந்ததே இல்லை, அலகாபாத்தில் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களுக்குத் தியாகிகள் பென்ஷன் விண்ணப்பம்தான் முக்கியம். உடன் சிறையிருந்தவர் கொடுத்த சான்று அதில் இருந்தால் இன்னொரு குடும்பத்தின் தடமும் கிடைக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பாதுகாப்பு அமைச்சகம் ஐ.என்.ஏ. ஃபைல்கள் 990ஐ 1997இல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியது. அங்கேயும் தேடலாம்.

இந்த விவாதம் இத்துடன் போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து முதல் உலகப் போர் வீரர்கள் 3,20,000 பேரின் பதிவுகள் வந்திருக்கின்றனவாமே? தேனி மாவட்டம் வரவில்லையே?

அது பஞ்சாப் பதிவேடு. வராது.

கே: கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்ததாகச் சொல்வார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம். பாஸ்ரா நினைவகப் பதிவுகளில் பலருக்கு அப்பா பெயர், ஊர்கூட இருக்கும். அந்தக் காலத்தில் எண்ணை ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியாகக் கொடுத்தது. ஆகவே எண் மட்டும் பொருந்தினால் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்ற போர்ப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் தொழிலாளர் படையிலோ சுமை தூக்குபவராகவோ போனவர். ரெஜிமெண்ட் பட்டியலில் தேடி அலைய வேண்டாம்.

கே: தாத்தாவின் பென்ஷன் பேரனான எனக்கு வருமா?

வராது.

கே: பி.பி.ஓ.வை நேற்றுதான் பத்திரமாக லேமினேட் செய்தேன் சார். இப்போது ஸ்கேன் செய்யலாமா?

செய்யுங்கள். பிரிக்க மட்டும் முயலாதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும்.

கே: தாத்தா பட்டாளம். எங்கே எழுதுவது?

முதல் பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். உறவுமுறைக்கான சான்றின் நகலையும் வையுங்கள். நகல்தான், அசல் இல்லை.