தனி ஹால் எதற்கு?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். தேடிப் பிடித்து ஒரு நல்ல சைவ ஓட்டலில் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரே கூச்சல். மேசைக்கு மேசை கத்திப் பேசுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, நாலு தோசையை வாங்கி எட்டுப் பேர் பிய்த்துத் தின்கிறார்கள், போதாதற்குக் கொண்டுவந்த தூக்கைத் திறந்து புளிசாதம் வேறு. சர்வர் அவர்களையே சுற்றிக்கொண்டிருந்தார். நான் மூன்று முறை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவர்களைவிட எங்கள் பில்தான் அதிகம். நாகரிகம் தெரியாதவர்களுக்குத் தனி ஹால் ஒதுக்கினால் என்ன? ஓட்டலின் பெயரையும் எழுதியிருக்கிறேன், அவசியம் வெளியிடுங்கள்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் நாகரிகக் குறைவு என்று எனக்குத் தெளிவாகப் பட்டது ஒன்றுதான். அதைச் செய்தது வேனில் வந்தவர்கள் அல்ல. கையில் தட்டோடு மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதரை விரலைச் சொடுக்கி அழைத்திருக்கிறீர்கள், அதுவும் மூன்று முறை. அதை ஒரு குறையாகவே கருதாமல், அவர் திரும்பாததை மட்டும் புகாராக எழுதியிருக்கிறீர்கள். ‘தம்பி’ என்றோ ‘அண்ணா’ என்றோ கூப்பிட்டிருக்கலாம். கையை உயர்த்திக் காட்டியிருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி உங்களை விரல் சொடுக்கி அழைத்தால் அன்று இரவு தூங்குவீர்களா?

அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். நாலு தோசையை எட்டுப் பேர் பகிர்ந்து தின்றால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? வேன் வாடகை, அறை வாடகை, பூங்கா டிக்கெட், படகு டிக்கெட் எதிலும் பேரம் பேச முடியாது. அவர்கள் கையில் மிச்சம் பிடிக்க இருக்கும் ஒரே செலவு சாப்பாடு. வருடம் முழுக்கச் சீட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட வருகிறவர்கள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள், போட வேண்டும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பழனிக்கும் திருப்பதிக்கும் போகாத குடும்பம் நம்மில் எது? வெளிச்சாப்பாடு கூடாது என்று ஓட்டல் விதி வைத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிக்க அதில் ஒன்றுமில்லை.

சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. சீசனில் ஒரு வேன் கூட்டத்துக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது. மூன்று மேசைகளில் பிரிந்து உட்கார்ந்தவர்கள் ‘உனக்குப் பூரி வேணுமா?’ என்று கத்தித்தான் கேட்பார்கள். அடிக்கடி ஓட்டலுக்குப் போகாதவர்களுக்கு முதலில் டோக்கன் வாங்க வேண்டுமா, சர்வர் வருவாரா என்ற தடுமாற்றம் வேறு. சர்வர் அவர்கள் பக்கம் அதிக நேரம் நின்றாரென்றால், அங்கே சாப்பிடுகிறவர்களும் அதிகம், சொல்லிப் புரியவைக்க வேண்டியதும் அதிகம். பில் தொகையைப் பார்த்துக் கவனிப்பை அளந்து கொடுக்காத அந்தச் சர்வரை நான் மதிக்கிறேன்.

உங்கள் புகார்களில் பிள்ளைகள் ஓடியது மட்டும் நியாயமானது. கொதிக்கும் சாம்பார் வாளியும் காபித் தட்டும் போய்வரும் இடம் அது. மோதினால் பிள்ளைக்கும் ஆபத்து, சர்வருக்கும் ஆபத்து. பெற்றவர்களிடம் அதைப் பக்குவமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

ஊரில் இருக்கும்போது நாம் யாரும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவரவர் வசதிக்கு மெஸ், கேன்டீன், நட்சத்திர ஓட்டல் என்று பிரிந்துவிடுகிறோம். மலைக்கு வந்தால் அந்தப் பிரிவினை உடைகிறது. 2025-இல் உயர் நீதிமன்றம் நீலகிரிக்குக் கோடைக் கட்டுப்பாடு விதித்தபோது, நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றுதான் உச்சவரம்பு வைத்தது. அத்தனை வண்டிகளும் மதியம் ஒரு மணிக்கு ஒரு சில தெருக்களில் வந்து நிற்கின்றன. காரில் வந்தவரும் வேனில் வந்தவரும் ஒரே ஹாலில் உட்கார வேண்டியிருக்கிறது. உங்களை உறுத்தியது இந்த அருகாமைதான் என்று நினைக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, சாப்பிடுகிறவரின் கடைசி வாயை எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. காதில் எதையும் மாட்டாமல் கைபேசியில் படம் ஓடவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதவில்லை. சீசனில் இரண்டையும் காரில் வருகிறவர்களும் தாராளமாகச் செய்கிறார்கள்.

‘தனி ஹால்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! தமிழ்நாட்டில் அந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று இருந்தது, போராட்டத்துக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடை இரட்டைக் குவளையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். எத்தனையோ உரிமைகளுக்கு நடுவே சாப்பாட்டுக் கடையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அங்கே பட்ட அவமானம் எத்தனை ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

நீங்கள் சாதியைச் சொல்லவில்லை, நாகரிகத்தைத்தான் சொன்னீர்கள் என்பீர்கள். அந்த ஹாலின் வாசலில் நாகரிகத்தை எதை வைத்து அளப்பார்கள்? உடையையும் பேச்சையும் வந்திறங்கிய வண்டியையும் வைத்துத்தான். உடையை வைத்து அளந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூலையில் பார்த்தோம். சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு விழாவுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் அந்த விதியை உடைக்க முடிந்தது. நீதிபதிக்கே அந்த நிலை. வேனில் வந்த பாட்டி வாசலில் என்ன சொல்லி உள்ளே போவார்?

கூடுதல் விலை கொடுத்து ஏசி அறையில் உட்கார விரும்பினால் உட்காருங்கள், பல ஓட்டல்களில் அது இருக்கிறது. அந்தக் கதவு காசு கொடுக்கிற எவருக்கும் திறக்கும். வேன்காரக் குடும்பம் ஒருநாள் ஆசைப்பட்டு அங்கேயும் வந்து உட்காரலாம், அப்போதும் தள்ளி உட்காரச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அந்தச் சர்வரைப் பற்றி இன்னும் கொஞ்சம். சீசனில் காலை டிபன் தொடங்கி இரவு கடை கட்டும்வரை நிற்கிறவர்கள் அவர்கள். உணவகம் உள்பட எல்லா நிறுவனங்களிலும் ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. எத்தனை ஓட்டல்களில் அந்த இருக்கையைப் பார்த்திருக்கிறீர்கள்? இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் பல இடங்களில் பரிமாறுகிறார்கள். தமிழில் ஒரு சொல் பிசகினால் அவர்களைக் கேலி செய்கிறவர்களையும், எச்சில் கையாலேயே தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு மேசை துடைக்கிறவரை அதட்டுகிறவர்களையும் நான் பார்க்கிறேன். இந்த அதட்டலில் ஏழை பணக்காரர் வித்தியாசமே இல்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

ஓட்டலின் பெயரை வெளியிடவில்லை. வெளியிட்டால் முதலாளி முதலில் கூப்பிட்டு விசாரிப்பது உங்கள் மேசைக்கு வந்த அந்தச் சர்வரைத்தான். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.